தீ காட்டிய குழாய்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எட்டு வருடம் கழித்து என்ன கடிதம் வேண்டிக் கிடக்கிறது என்று உறையைப் பார்த்ததுமே கிழிக்கப் போவாய், தெரியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் படித்துவிடு. மூன்று முறை போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். சலவைக் கடைக்கே வந்துவிடலாம் என்றால், உன் முதலாளியம்மாவுக்கு எதிரில் நீ என்னை நாலு வார்த்தை கேட்டால் நான் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

என் மனைவிக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. பெரியவள் படிப்பை முடித்துவிட்டாள். அத்தை எப்படி இருக்கிறாள் என்று அவ்வப்போது கேட்பாள். நல்லா இருக்காள் என்று நானாகச் சொல்லிவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடிநீர் வாரியத்தில் புது உத்தரவு வந்திருக்கிறது. ஒவ்வொரு மண்டலமும் பொதுமக்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். எங்கிருந்து வருகிறது, எப்படிச் சுத்தமாகிறது, எப்படிப் பாதுகாப்பது, எல்லாம். ஒரு கையேடு, ஆறு சனிக்கிழமை வகுப்புகள். என் மண்டலத்துக்கு நான்தான் பொறுப்பு. வருடக் கடைசியில் தலைமைப் பொறியாளர் நாற்காலி காலியாகிறது. இந்த வேலை நன்றாக நடந்தால் அது எனக்கு. உன்னிடம் ஒளிப்பானேன்?

போன தடவை நாங்கள் போட்ட துண்டுப் பிரசுரத்தைக் கடைக்காரர்கள் பொட்டலம் மடித்துத் தீர்த்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குச் சுற்றறிக்கை எழுத வரும், மனிதர்களுக்கு எழுத வராது. நீ பதினேழு வருடம் தெருத்தெருவாகப் போய்க் குழாயடியில் நின்று சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுத்தவள். யாரிடம் எப்படிச் சொன்னால் புரியும் என்று உனக்குத்தான் தெரியும்.

நடந்தது நடந்துவிட்டது அக்கா. எழுதித் தருவாயா? வகுப்பையும் நீயே எடுத்தால் எனக்குப் பாரம் இறங்கும்.

என்றும் உன் அன்புள்ள,
தம்பி


ஜனவரி 19

மண்டலப் பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

முன்னாள் மாதிரி சேகரிப்பாளர் எழுதிக்கொள்வது.

நலம் விசாரித்ததற்கு நன்றி. எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்தவர் சட்டையிலிருந்து கறை எடுக்கிறேன். பேனா மை, துரு, எண்ணெய், எல்லாம் போகிறது. என் பெயரில் நீ தடவிய கறைக்குத்தான் மருந்து கிடைக்கவில்லை.

நடந்தது நடந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஏதோ மழை பெய்து ஓய்ந்த மாதிரி. தானாக நடக்கவில்லை, நீ நடத்தினாய். உனக்கு மறதி வந்திருந்தால் நான் வரிசையாகச் சொல்கிறேன்.

கீழ்த்தெரு மூன்றாம் குழாயில் நான் எடுத்த மாதிரியில் சாக்கடைக் கிருமி இருந்தது. முடிவு வந்த அன்று மத்தியானமே கையெழுத்துப் போட்டு உன் மேசையில் வைத்தேன். குழாயை மூடியிருக்க வேண்டும். நீ மூடவில்லை. "மாதிரி எடுத்த விதம் தவறு" என்று சிவப்பு மையில் எழுதித் தள்ளிவிட்டாய். அந்த வாரமே அறுபத்து மூன்று பேர் படுத்தார்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. விசாரணைக் குழு உன்னை ஏன் மூடவில்லை என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "மாதிரி எடுக்குமுன், வெளியே ஒட்டிய கிருமி சாக, குழாய் வாயில் தீ காட்ட வேண்டும். அக்கா அன்றைக்குத் தீ காட்ட மறந்துவிட்டாள். வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் அவளே சொன்னாள்." கூடப்பிறந்தவனே சொல்கிறான், அதற்கு மேல் யார் கேட்பார்கள்? அவளே ஒழுங்காக எடுத்திருந்தால் நாங்கள் நம்பியிருப்போமே என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு வேலை போயிற்று. ஊருக்குள் பெயரும் வைத்துவிட்டார்கள்: தீ மறந்தவள்.

நான் அன்றைக்குத் தீ காட்டினேன். வீட்டில் உன்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அதனால்தான் போனை எடுப்பதில்லை. சொல்லாததைச் சொன்னேன் என்கிற ஆளிடம் இனி என் பேச்சுவார்த்தை எல்லாம் காகிதத்தில்தான்.

போகட்டும். கையேடு எழுதித் தருகிறேன். வகுப்பும் எடுக்கிறேன். ஆச்சரியமாக இருக்கிறதா? இரண்டு நிபந்தனை. நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. அட்டையில் என் பெயர் வரக் கூடாது; எழுதியவர் என்று உன் பெயரும், உள்ளே உன் கையெழுத்தும் வர வேண்டும். தீ மறந்தவள் எழுதிய பாடத்தை எவன் படிப்பான்?

இப்படிக்கு,
மேற்படியாள்


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கட்டு வந்து சேர்ந்தது. உன் கோபமெல்லாம் எனக்குப் புரிகிறது. அதையும் மீறி எழுதிக் கொடுத்தாயே, அதுதான் அக்கா!

முதல் பாடம் பிரமாதம். வீட்டுக் குழாயிலிருந்து கிளம்பி, தெருக் குழாய், மேல்நிலைத் தொட்டி, சுத்திகரிப்பு நிலையம், ஏரி, ஏரிக்குத் தண்ணீர் வருகிற குன்று என்று பின்னாலேயே நடத்திக் கூட்டிப்போகிறாய். நானே இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தும் ஒரு தடவை அப்படி நடந்து பார்த்ததில்லை. கடைசிப் பாடமும் படித்தேன். "ஏரி நம்முடையது என்றால் அதன் கணக்குப் புத்தகமும் நம்முடையதுதான்" என்று முடித்திருப்பது நெஞ்சைத் தொட்டது. மேலதிகாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவரே என் கையைக் குலுக்கினார்.

நிபந்தனைப்படி ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். வகுப்புக்கு நூலகத்தின் மாடிக் கூடத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். கிருமி பார்க்கிற புட்டிகள் ஒரு பெட்டி, ஸ்பிரிட், பஞ்சு எல்லாம் வந்து சேரும்.

ஒரே ஒரு மனத்தாங்கல். "ஐயா அவர்களுக்கு" என்று எழுதியிருந்தாயே. படித்ததும் சோறு இறங்கவில்லை. தம்பி என்று எழுதக் கூடாதா?

அன்புடன்,
தம்பி


மார்ச் 29

பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

சோறு இறங்கவில்லை என்று கேட்டு வருத்தம். இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கவும்.

வகுப்பு மூன்று நடந்துவிட்டது. நாற்பத்தொரு பேர் வருகிறார்கள். முதல் நாள் உங்கள் பழைய பிரசுரத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒரு தண்ணீர்ச் சொட்டுக்குக் கண்ணும் மூக்கும் வைத்து அழ விட்டிருக்கிறீர்களே, அதேதான். "பல் தேய்க்கும்போது குழாயை மூடுவீர்" என்று அதற்குக் கீழே. பின் வரிசையிலிருந்து தையல்காரம்மா எழுந்தாள். "நான் மூடிட்டுத்தாங்க தேய்க்கிறேன். எங்க தெரு முனையில ரெண்டு வருஷமா குழாய் ஒடைஞ்சு ஓடுது, அதை யாரு மூடுவா?" கூடமே சிரித்தது. அதிலிருந்தே பாடத்தை ஆரம்பித்தேன். யார் எவ்வளவு வீணாக்குகிறார்கள் என்று அவரவர் தெருவை அளந்துகொண்டு வரச் சொன்னேன். வாளியும் கடிகாரமும் போதும். அளந்து வந்தார்கள். ஒரு தெருவில் உடைந்த குழாய் ஒரு நாளில் கொட்டுவதை வைத்து அந்தத் தெருவே குளிக்கலாம். மறு வாரம் யாரும் பல் தேய்ப்பதைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொரு செய்தி. கண்டக்டர் வருகிறார். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். எழுந்திருக்காத இரண்டு பேரில் ஒருத்தி அவர் மனைவி. இப்போது மேட்டுத் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். முதல் நாள் உள்ளே நுழைந்து என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவளா? இவளா பாடம் எடுக்கறது? என் பொண்டாட்டிய முழுங்கினவ!"

   போய்விடுவார் என்று நினைத்தேன். நேராக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். "நான் பொறியாளர் கையெழுத்துப் போட்ட புஸ்தகத்துக்காக வந்திருக்கேன், உன் மூஞ்சிக்காக இல்ல. நீ எங்க தப்புப் பண்றேன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றார். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். நான் சொல்வதை எல்லாம் புத்தகத்தோடு ஒப்பிட்டு, கோடு போட்டு வைக்கிறார். வகுப்பிலேயே அதிகம் படிக்கிற ஆள் இப்போது அவர்தான்.

வருகிற வாரம் நாலாம் பாடம். குழாயில் மாதிரி எடுப்பது எப்படி என்பது. நீ அந்தப் பாடத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே?

இப்படிக்கு,
மேற்படியாள்


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாப் பாடமும் நல்ல பாடம்தான். தனித்தனியாகச் சொல்ல வேண்டுமா? வேலை தலைக்கு மேல் இருக்கிறது. வெளி மண்டலத்திலிருந்தெல்லாம் கையேடு கேட்டு எழுதுகிறார்கள். ஒரு கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மாலையைக் கழுத்தில் வாங்கும்போது உன் நினைப்புதான் வந்தது, சத்தியமாக.

கண்டக்டர் விஷயத்தில் ஜாக்கிரதை. ஏதாவது தகராறு செய்தால் சொல், வகுப்புக்கு வர வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிடுகிறேன். உன்னை யாரும் ஒன்று சொல்ல விடமாட்டேன்.

அன்புடன்,
தம்பி


மே 10

பொறியாளர் ஐயா அவர்களுக்கு,

என்னை யாரும் ஒன்று சொல்ல விடமாட்டாயா? நன்றாயிருக்கிறது. எட்டு வருடம் முன்னால் அந்த ரோஷம் எந்த ஊருக்குப் போயிருந்தது?

இந்தக் கடிதம் நீளம். உட்கார்ந்து படி. நடுவில் விடாமல் படி. உன் குணம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து எந்தப் புத்தகமானாலும் முதல் பாடம், கடைசிப் பாடம், அவ்வளவுதான் படிப்பாய். நடுவில் இருப்பதை எல்லாம் நான் படித்துச் சொல்வேன், நீ கேட்டுக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதுவாய். கையேட்டையும் அப்படித்தான் படிப்பாய் என்று நம்பித்தான் எழுதினேன். என் நம்பிக்கையை நீ பொய்யாக்கவில்லை.

நாலாம் பாடத்தில் மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். குழாய் வாயைத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சைப் பற்றவைத்து வாயைச் சுற்றித் தீ காட்ட வேண்டும். மூன்று நிமிடம் தண்ணீரை ஓட விட வேண்டும். மூடியின் உட்பக்கம் விரல் படாமல் புட்டியில் பிடிக்க வேண்டும். புட்டிக்குள்ளே மருந்துத் தாள் இருக்கிறது. கதகதப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், சாக்கடை கலந்த தண்ணீர் கறுத்துவிடும். அவ்வளவுதான் வித்தை. தையல்காரம்மா பிளாஸ்டிக் குழாய்க்கே தீ காட்டி உருக்கிவிட்டாள், பாவம். "பாடம் நடத்தி வீட்டையே கொளுத்தப் பாக்கறியேம்மா" என்று அவள் புருஷன் வந்து சத்தம் போட்டார். பிளாஸ்டிக்குக்கு ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும் என்று திருப்பிச் சொல்லிக்கொடுத்தேன். நாற்பத்தொரு பேரும் தவறில்லாமல் கற்கும்வரை விடவில்லை; அதனால் வகுப்பு ஆறு சனிக்கிழமையைத் தாண்டி நீண்டுவிட்டது. சாட்சி இரண்டு பேர் பக்கத்தில் நிற்க வேண்டும், நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.

வந்த புட்டிகளில் ஒன்பது கறுப்பு. ஒன்பதும் மேட்டுத் தெரு.

மேட்டுத் தெருவுக்கு எந்தக் குழாய் போகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்த்தெருவில் அன்றைக்கு ஓட்டை விழுந்த அதே பழைய குழாயின் அடுத்த பாதி. சாக்கடைக்கு ஒட்டியே போகிறது. கீழ்த்தெருப் பாதியை மாற்றினீர்கள். இந்தப் பாதியை மண்ணைப் போட்டு மூடிவிட்டீர்கள்.

ஒன்பது புட்டியையும் எடுத்துக்கொண்டு கண்டக்டரும் மற்றவர்களும் உன் அலுவலகத்துக்கு வந்தார்கள். நீ பார்க்கவில்லை. ஐந்து நாளில் பதில் மட்டும் வந்தது. போன சனிக்கிழமை கண்டக்டர் அதை வகுப்பில் நின்றுகொண்டு வாசித்தார். "மாதிரி எடுத்தவர்கள் குழாய் வாயில் முறையாகத் தீ காட்டாத காரணத்தால் மேற்படி முடிவுகள் ஏற்கத்தக்கவை அல்ல." கீழே உன் கையெழுத்து.

அதே சாக்கு! எட்டு வருடத்தில் வேறொரு சாக்குக்கூடத் தோன்றவில்லையா உனக்கு? அவ்வளவு சோம்பேறித்தனமா? படித்துக் கையெழுத்துப் போட்டாயா, படிக்காமல் போட்டாயா?

கண்டக்டர் அதை இரண்டாம் தடவை வாசித்தார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்தார்.

"நான் காட்டினேனே. நாலு பேர் பாத்தாங்களே. மணி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கேனே."

 அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு நீயும் காட்டினியாம்மா?"

"காட்டினேன்" என்றேன்.

எட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். விசாரணையில்கூட "ஏன் காட்டவில்லை?" என்றுதான் கேட்டார்கள். அவர் அப்படியே உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "பாவி, உன்னை என்னென்ன சொல்லிட்டேன்" என்று ஒரே புலம்பல். நானும் அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அழுகை கால்வாசிதான். முக்கால்வாசி சந்தோஷம். உன் மென்னியைப் பிடிக்க எனக்கு நாற்பத்தொரு ஜோடிக் கை கிடைத்துவிட்டது.

இப்போது கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டு. நாலாம் பாடத்தின் கடைசி, உன் கையெழுத்தோடு வந்த பக்கம்தான். "ஒரு மாதிரி கெட்டது என்று தெரிந்தால், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அதே குழாயில் மறு மாதிரி எடுக்க வேண்டும். முதல் மாதிரி எடுத்தவர்மேல் சந்தேகம் இருந்தால் வேறொருவரை வைத்து எடுக்க வேண்டும். மறு மாதிரி இல்லாமல் முதல் மாதிரியைத் தள்ளுபடி செய்ய எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை." நான் இட்டுக்கட்டியது அல்ல. உங்கள் வாரிய விதிதான். யாரும் திறந்து பார்க்காத விதி.

நாற்பத்தொரு பேரும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உன் மேலதிகாரிக்கும் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் போகிறது. இரண்டே கேள்வி. மேட்டுத் தெருவின் மறு மாதிரி எங்கே? எட்டு வருடம் முன்னால் கீழ்த்தெரு மூன்றாம் குழாயின் மறு மாதிரி எங்கே?

அதுவரை மேட்டுத் தெருவில் வகுப்புக்காரர்கள் வீடு வீடாகப் போய், காய்ச்சாமல் ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வாரியம் செய்ய வேண்டிய வேலை.

இப்படிக்கு,
தீ மறந்தவள்


மே 14

அக்கா,

என்ன காரியம் செய்திருக்கிறாய்? மேலதிகாரி கூப்பிட்டு என் மேசைமேல் கையேட்டை வீசினார். பழைய விசாரணையைத் திரும்பத் திறக்கிறார்களாம். உன்னை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்? கூடப்பிறந்தவனுக்கு இப்படிக் குழி வெட்டுவாயா? வேலையோடு போகாது அக்கா, ஓய்வூதியம், பெரியவள் கல்யாணம், எல்லாம் போய்விடும். ஜெயில் என்றுகூடச் சொல்கிறார்கள்.

மனுவை வாபஸ் வாங்கச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மறு மாதிரி எடுத்தேன். நானே போய் எடுத்தேன். நீ கொடுத்த மறுநாள் காலையிலேயே, என் கையாலேயே தீ காட்டி எடுத்தேன். வேறு எண் போட்டு ஆய்வகத்தில் கொடுத்தேன். உன்னுடையதைவிட மோசமாக வந்தது. அந்த வாரம் புதுத் தொட்டித் திறப்பு விழா. அமைச்சர் வருகிறார், இந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் தண்ணீரை நிறுத்தினால் மானம் போய்விடும், விழா முடியட்டும் என்றார் வாரியத்தில் அப்போதைய பெரியவர். மூன்று நாள்தானே என்று நினைத்தேன். முடிவுத் தாளை டிராயரில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாளுக்குள் அப்படி ஆகும் என்று யார் கண்டது?

அப்புறம் யாராவது ஒருத்தர்மேல் பழி விழ வேண்டியிருந்தது. எனக்கு இரண்டு குழந்தைகள். உனக்குக் குடும்பம் இல்லை. நீ தாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து எனக்காக எத்தனை தாங்கியிருக்கிறாய்! அந்தத் தைரியத்தில்தான் சொல்லிவிட்டேன். நீ வீட்டில் அப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் இட்டுக்கட்டினேன். போதுமா?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கொளுத்திவிடு. அம்மா இருந்திருந்தால் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்திருப்பாள். அவள் முகத்துக்காகவாவது என்னை விட்டுவிடு.

உன் தம்பி


மே 16

தம்பிக்கு,

தம்பி என்று எழுதக் கேட்டாய் அல்லவா, எழுதிவிட்டேன். வைத்துக்கொள்.

முதலில் வேலை. மேட்டுத் தெரு வால்வை இன்றைக்கே மூடு. நாளைக்கு அல்ல, மத்தியானத்துக்கு மேல் அல்ல. லாரியில் தண்ணீர் அனுப்பு. இந்தத் தடவை எந்த விழாவுக்கும் காத்திருக்காதே. அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கு வயிறு கலங்கினால்கூட நான் காகிதத்தோடு நிற்க மாட்டேன், உன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவேன்.

அடுத்து அம்மா. அவள் முகத்தை நீயே இழுத்துவிட்டாய், அதனால் சொல்கிறேன். வேலை போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள். பதினான்கு மாதம். தினமும் ஒரு தடவை கேட்பாள். "ஏண்டி, ஒரு நிமிஷ வேலை, அந்தத் தீயைக் காட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?" காட்டினேன்மா என்பேன். "தம்பி ஏன்டி பொய் சொல்லப் போறான்? அவனுக்கு உன்மேல உசிரு" என்பாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாளிலும் என் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "போகட்டும் விடு, மறந்துபோச்சு, என்ன பண்றது." என்னை மன்னித்துவிட்டுச் செத்தாள். நான் செய்யாத தப்புக்கு என்னைப் பெற்றவள் மன்னித்துவிட்டுப் போனாள்! நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அன்றைக்கு நீ திறந்திருந்தால் இந்தக் கையேடே எழுதியிருக்க மாட்டேன். சத்தியம்.

நான் தாங்குவேன் என்று நினைத்தாயா? தாங்கினேன். எட்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். இப்போது உன் முறை.

உன் கடிதத்தைக் கொளுத்தவில்லை. வரும் இருபத்தேழாம் தேதி விசாரணை. இருபத்தைந்துக்குள் நீயாகப் போய், டிராயரில் பூட்டிய தாளைப் பற்றிச் சொல்லிவிடு. நீயே சொன்னால் இது என் பெட்டியிலேயே இருக்கும். சொல்லாவிட்டால் நான் கொடுப்பேன்.

அக்கா


மே 24

அக்கா,

வால்வை அன்றைக்கே மூடிவிட்டேன். லாரிகள் போகின்றன. ஆட்கள் தோண்டுகிறார்கள். குழாய் முழுக்க அரித்துப்போய் இருக்கிறது. இன்னும் நாலு நாள் போனால் கீழ்த்தெருக் கதைதான். அது ஒன்றில் நீ எனக்கு நல்லதுதான் செய்தாய்.

மற்றது என்னால் முடியாது. வாரிய வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன், இரண்டு தடவை. 

நீ கொடுக்க மாட்டாய் அக்கா. மிரட்டுவாய், திட்டுவாய், கடைசியில் விட்டுவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா? என்ன இருந்தாலும் நான் உன் தம்பி. அந்தக் கடிதத்தை உன்னால் இன்னொருத்தன் கையில் கொடுக்க முடியாது.

தம்பி


மே 28

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நேற்று உனக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவச் சீட்டு அனுப்பியிருந்தாய். அதனால் அங்கே நடந்ததை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டரும் தையல்காரம்மாவும் வெளியே பெஞ்சில். என் முதலாளியம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். கடிதத்தை உறையோடு மேசைமேல் வைத்தேன். நடுவில் இருந்த பெரிய அதிகாரி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது உங்க வீட்டுக் கடிதம் ஆச்சேம்மா. யோசிச்சுத்தான் கொடுக்கறீங்களா?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மேசையில அவன் எங்க வீட்டுப் பேச்சைத்தான் சார் கொடுத்தான். அப்ப யாரும் யோசிக்கச் சொல்லல" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கங்களையும் படித்தார். மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. பழைய தீர்ப்பை ரத்து செய்ய எழுதுகிறோம் என்றார்கள். நீ பூட்டிய தாளை ஆய்வகப் பதிவேட்டிலேயே தேடி எடுத்துவிட்டார்கள். நீ போட்ட எண்ணும் இருக்கிறது, நீ கொடுத்த நேரமும் இருக்கிறது. அன்றைய பெரியவருக்கும் ஓலை போகிறது. கையேட்டை இரண்டாம் பதிப்புப் போடப் போகிறார்களாம். எழுதியவர் பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், நாலாம் பாடத்தின் கீழே அவன் கையெழுத்து அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஊரே படிக்கட்டும்.

இனிக்கிறதா என்று கேட்பாய். இனிக்கிறது. பொய் எதற்கு? வெளியே வந்ததும் கண்டக்டர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் அழுவேன் என்று எல்லாரும் பார்த்தார்கள். எனக்குப் பசித்தது. நாலு பேரும் போய் வயிறாரச் சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து அம்மா படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொன்னேன், "காட்டினேன்மா" என்று. இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று கேட்டார்கள். வழக்கப்படி கேட்க வேண்டுமாம்.

"இது உங்க தம்பி கையெழுத்துதான்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"அந்தக் கையைப் பிடிச்சு 'அ' போட வெச்சவ நான்தான் சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். 

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

அக்கா